எந்தப் பக்கம் நின்றாலும் வட்டம்: சுமிதா ஆற்று வாணங்களின் அறிவியல்

ஜூலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு டோக்கியோவின் சுமிதா ஆற்றின் மேல் முதல் வாணம் விரிகிறது. எட்டரை மணிக்குள் ஏறத்தாழ 20,000 வாணங்கள் வானேறிவிடுகின்றன. ஒன்பது லட்சம் பேருக்கு மேல் கூடும் இவ்விழாவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்க்கிறார்கள். ஆற்றில் மிதக்கும் 'யகத்தாபுனே' என்ற கூரைப் படகுகளில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அசாகுசா வட்டாரத் தெருக்களில் நிற்பவர்கள் கட்டடங்களின் இடைவெளியில் சாய்வாகப் பார்க்கிறார்கள். அருகிலுள்ள 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தில், 350 மீட்டர் உயரத்துப் பார்வை மாடத்தில் இடம் கிடைத்தவர்கள் கீழ்நோக்கிப் பார்க்கிறார்கள். மூன்று சாராருக்கும் தெரியும் வடிவம் ஒன்றுதான்: வட்டம்.

தட்டையான வட்டம் இப்படித் தெரியாது. நேரெதிரே நின்றால் வட்டமாகவும், சற்றே விலகி நின்றால் நீள்வட்டமாகவும், விளிம்புப் பக்கமாக நின்றால் வெறும் கோடாகவும் அது தோன்றும். எத்திசையிலிருந்து பார்த்தாலும் வட்டமாகவே தெரியும் வடிவம் கோளம் மட்டுமே. ஆக, ஆற்றின் மேல் விரிவது நெருப்புப் புள்ளிகளால் ஆன ஒரு கோளம். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத வெளியில், தரையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில், நூற்றுக்கணக்கான தீப்புள்ளிகள் கோளப் பரப்பில் சீராகப் பரவுகின்றன. ஒரே நேரத்தில் நிறம் மாறுகின்றன. ஒரே நேரத்தில் அணைகின்றன. இது எப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கான விடை, காகிதம் ஒட்டும் கைவேலையில் தொடங்கி, ஈர்ப்பு, காற்றுத் தடை, அணுக்களின் ஒளி எனப் பல படிகளைக் கடந்து செல்கிறது.

ஆற்றங்கரை விழா

டோக்கியோவுக்கு முன்பு எடோ என்று பெயர். மரவீடுகள் நெருங்கி நின்ற அந்நகரம் தீ விபத்துக்கு எப்போதும் அஞ்சியது. அதனால் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆட்சியாளர்கள் ஊருக்குள் வாணம் விடுவதைத் தடைசெய்து, ஆற்றங்கரையில் மட்டும் அனுமதித்தனர். கோடைப் புழுக்கத்தில் மக்கள் ஆற்றில் படகேறிக் குளிர்காற்று வாங்கும் பருவம், பழைய சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 28ஆம் நாள் தொடங்கி எட்டாம் மாதம் 28ஆம் நாள் வரை நீடித்தது. ரியோகொக்கு பாலத்தருகே அப்பருவத்தில் விட்ட வாணங்களே இன்றைய விழாவின் முன்னோடி. 1732ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் மாண்டவர்களுக்காக 1733இல் ஷோகுன் தொகுகாவா யோஷிமுனே இதைத் தொடங்கிவைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அக்காலத்து ஆவணங்கள் இதற்கு உறுதியான சான்று தரவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

வாணங்களைச் செய்தவை இரண்டு புகழ்பெற்ற தொழில்மனைகள். காகியா 1659இல் தோன்றியது. அதிலிருந்து 1810இல் தமாயா பிரிந்தது. பாலத்தின் மேற்புறம் தமாயாவும் கீழ்ப்புறம் காகியாவும் வாணம் விட, அழகாக விரிந்ததைச் செய்தவரின் பெயரைச் சொல்லி மக்கள் கூவினார்கள். 1843இல் தமாயாவின் மனையில் தீப்பிடித்து அக்கம்பக்கமும் எரிந்ததால் அது நகரைவிட்டு வெளியேற்றப்பட்டது. ஆனாலும் இன்றுவரை நல்ல வாணம் ஒன்று விரியும்போது கூட்டத்தில் "தமாயா!" என்ற குரல் எழுகிறது.

போக்குவரத்து நெரிசலும் ஆற்றின் மாசும் பெருகியதால் 1961க்குப் பிறகு விழா நின்றுபோனது. 1978இல் இன்றைய பெயரோடு மீண்டும் தொடங்கியது. வாணங்கள் இரண்டு இடங்களிலிருந்து ஏவப்படுகின்றன: சகுராபாஷி, கொதொதொயிபாஷி பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒன்று, கொமகதாபாஷி, உமயாபாஷி பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதி மற்றொன்று. இருகரையிலும் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் குண்டுகளின் அளவுக்கு வரம்பு உண்டு. முதல் இடத்தில் 15 சென்டிமீட்டர் விட்டம் வரையிலான குண்டுகளும், இரண்டாவது இடத்தில் அதில் பாதி அளவுள்ளவையும் மட்டுமே ஏவப்படுகின்றன. நீகாட்டா மாநிலத்தின் நாகவோகா விழாவில் 90 சென்டிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 300 கிலோ எடையும் உள்ள குண்டு 600 மீட்டர் உயரத்தில் வெடிக்கிறது. பெருநகரத்தில் அதற்கு இடமில்லை. அளவைப் பெருக்க முடியாத சுமிதாவில் வாணம் செய்பவரின் திறமை வடிவத்தின் துல்லியத்தில்தான் தெரிந்தாக வேண்டும்.

குண்டுக்குள் இருப்பவை

ஜப்பானிய வாணக் குண்டு உருண்டையானது. அதற்குள் மூன்று பாகங்கள் உள்ளன: ஒளி தரும் மருந்து உருண்டைகள், அவற்றைச் சிதறடிக்கும் பிளப்பு மருந்து, இரண்டையும் பொதிந்திருக்கும் காகித ஓடு.

மருந்து உருண்டையை ஜப்பானியர் 'ஹோஷி' என்கிறார்கள். விண்மீன் என்று பொருள். வானில் தெரியும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு ஹோஷி. நடுவில் ஒரு தானிய மணியையோ சிறு மணிப்பொருளையோ வைத்து, சுழலும் கொப்பரையில் ஈரப்படுத்தி, அதன்மேல் மருந்துத் தூளைத் தூவி உருட்டுவார்கள். சீரகத்தைக் கொப்பரையில் போட்டு உருட்டி, சர்க்கரைப் பாகை மேல்மேலாகப் பூசிச் சீரக மிட்டாய் செய்வது போன்ற வேலை இது. ஒரு பூச்சு ஏறியதும் உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் அடுத்த பூச்சு. ஒரே மூச்சில் தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். ஆகவே ஓர் உருண்டை வேண்டிய பருமனை எட்டப் பல நாட்கள், பெரிய உருண்டையானால் வாரங்கள் ஆகும். ஒரு கொப்பரையில் ஒன்றாக உருளும் உருண்டைகள் அனைத்தும் ஒரே அளவாக வளர்வதே இம்முறையின் பெரும் பயன். இந்த ஒரே அளவுதான் பின்னர் வானில் கோளத்தைக் கோளமாக நிறுத்துகிறது.

பிளப்பு மருந்து, ஜப்பானிய மொழியில் 'வரியாகு', குண்டின் நடுவே இடப்படுகிறது. வெறும் வெடிமருந்துத் தூளை அங்கே திணிப்பதில்லை. நெல் உமியின் மீதோ பருத்தி விதையின் மீதோ மருந்தைப் பூசி உலர்த்தி நிரப்புகிறார்கள். வெடிமருந்து அதன் மேற்பரப்பிலிருந்துதான் எரியத் தொடங்கும். இறுகிய கட்டியாக இருந்தால் தீ உள்ளே புகத் தாமதமாகும். உமியின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பும்போது எரியும் பரப்பு பன்மடங்காகிறது. உமிகளுக்கு இடையேயுள்ள வெளிகள் வழியாகத் தீ நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் எல்லாப் பக்கமும் பாய்ந்துவிடுகிறது. உமி எடையும் குறைந்தது. குண்டை வீணாகக் கனமாக்குவதில்லை.

காகிதத்தாலான இரண்டு அரைக்கோள ஓடுகளின் உட்சுவரை ஒட்டி ஹோஷிகளை இடைவெளியின்றி அடுக்குகிறார்கள். மெல்லிய தாள் ஒன்றை விரித்து, நடுவில் பிளப்பு மருந்தை நிரப்பி, இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடுகிறார்கள். பின்னர் வரும் வேலை 'தமாபாரி', அதாவது குண்டின் மேல் தாள் ஒட்டுதல். தடித்த பழுப்புத் தாளைப் பட்டைகளாக வெட்டி, பசை தடவி, திசை மாற்றி மாற்றிக் குண்டு முழுவதும் ஒட்டுவார்கள்; பலகைகளுக்கு இடையே உருட்டி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள்; உலர்ந்தபின் மீண்டும் ஒட்டுவார்கள்.

இத்தனை பொறுமைக்குக் காரணம் வாயு அழுத்தத்தின் இயல்பு. மூடிய கலத்துக்குள் வாயு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அழுத்துகிறது. ஓடு எங்கேனும் வலுக்குறைந்திருந்தால் அந்த இடம் முதலில் கிழியும்; வாயு அவ்வழியே வெளியேறி, ஹோஷிகள் ஒருபக்கமாகப் பீறிடும். ஓடு முழுவதும் ஒரே வலுவோடு இருந்தால், அழுத்தம் உச்சத்தை எட்டும்வரை அது தாங்கி நின்று, பிறகு எங்கும் ஒருசேர உடையும். அப்போது ஒவ்வொரு ஹோஷியும் மையத்திலிருந்து நேர் வெளியே, ஏறத்தாழ ஒரே வேகத்தில் தள்ளப்படும். பிளப்பு மருந்தின் வலுவுக்கும் ஓட்டின் வலுவுக்கும் உள்ள பொருத்தத்தைக் கண்டறிவதுதான் தொழிலின் நுட்பமான பகுதி.

உச்சியில் நிற்கும் கணம்

சுமிதாவின் முதல் இடத்தில் ஆற்றில் நிறுத்திய தட்டைப் படகுகளிலிருந்து வாணங்கள் ஏவப்படுகின்றன. செங்குத்தாக நிறுத்திய குழாயின் அடியில் உந்து மருந்து, அதன்மேல் குண்டு. உந்து மருந்தாகப் பயன்படுவது வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த பழைய கருமருந்தே. அது எரிந்து உண்டாகும் வாயு குண்டை மேலே எறிகிறது. அதே தீ குண்டில் பொருத்திய திரியையும் பற்றவைக்கிறது. 15 சென்டிமீட்டர் குண்டு ஐந்தாறு விநாடிகளில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தை அடைகிறது.

குழாயைவிட்டு வெளியேறிய பின் குண்டைத் தள்ளும் விசை எதுவும் இல்லை. ஈர்ப்பும் காற்றும் அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. உச்சியில் ஒரு கணம் அதன் செங்குத்து வேகம் சுழியமாகிறது. திரி அந்தக் கணத்தில் உள்ளே எரிந்து முடிந்து பிளப்பு மருந்தைப் பற்றவைக்க வேண்டும்.

உச்சி ஏன் அவ்வளவு முக்கியம்? காற்றே இல்லாத இடத்தில், ஏறிக்கொண்டிருக்கும் குண்டு வெடித்தாலும் கோளம் கெடாது. எல்லா ஹோஷிகளும் குண்டின் வேகத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, நகரும் மையத்தைச் சுற்றிக் கோளமாகவே விரியும். காற்றுதான் இதைக் குலைக்கிறது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறும்போது குண்டு வெடித்தால், மேல்நோக்கிச் செல்லும் ஹோஷிகள் அந்த வேகத்தைக் கூட்டியும், கீழ்நோக்கிச் செல்பவை கழித்தும் புறப்படும். வேகம் கூடக்கூடக் காற்றின் தடை வெகுவாகக் கூடும். ஆகவே மேலே செல்பவையும் கீழே செல்பவையும் வெவ்வேறு அளவில் தடுக்கப்பட்டு, வடிவம் கோணலாகும். குண்டு காற்றைச் சார்ந்து அசையாமல் நிற்கும் உச்சிக் கணத்தில் எல்லா ஹோஷிகளுக்கும் ஒரே தடை.

இயற்கை இதில் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. உச்சிக்கு அரை விநாடி முன்பு குண்டின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் அளவே. உச்சியை எட்ட மீதமுள்ள உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். திரி அரை விநாடி பிசகினாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு விநாடி பிசகினால் வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தொட்டுவிடும். குறை அப்போது எல்லாருக்கும் தெரியும்.

விழுந்துகொண்டே விரியும் கோளம்

வெடித்த பின் ஈர்ப்பு கோளத்தைக் குலைக்காதா என்று தோன்றலாம். மேலே போகும் ஹோஷியை ஈர்ப்பு தடுக்கிறது. கீழே போவதை விரைவுபடுத்துகிறது. ஆனால் ஈர்ப்பு எல்லாப் பொருளையும் ஒரே அளவில் கீழே இழுக்கிறது என்பது கலிலியோ காட்டிய உண்மை. ஒரு விநாடியில் ஒவ்வொரு ஹோஷியும், ஈர்ப்பு இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய இடத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் கீழே இருக்கும். எல்லாமே 5 மீட்டர் இறங்கியிருப்பதால் அவற்றுக்கிடையேயான அமைப்பு மாறுவதில்லை. கோளம் முழுதாக இறங்குகிறது, கோளமாகவே இருக்கிறது.

விரிவை நிறுத்துவது காற்று. ஹோஷி சிறியது, எடை குறைந்தது. அதனால் தன் வேகத்தில் பெரும்பகுதியை முதல் விநாடியிலேயே இழந்துவிடுகிறது. வாணம் 'பட்டென்று' மலர்ந்து பிறகு தயங்கி நிற்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். தடையின் விளைவு உருண்டையின் பருமனைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு நான்கில் ஒரு பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சிறிய உருண்டை சீக்கிரம் நின்றுவிடும். பெரியது தூரம் போகும். ஒரு குண்டில் உருண்டைகள் அளவு மாறி இருந்தால் சில முந்தும், சில பிந்தும். கோளத்தின் பரப்பு மேடுபள்ளமாகும். கொப்பரையில் ஒரே அளவாக உருட்டிய உழைப்பு இங்கே பலன் தருகிறது.

நெடுநேரம் எரியும் ஹோஷிகளில் இன்னொன்றையும் காணலாம். வெளிநோக்கிய வேகம் தீர்ந்த பிறகு மிஞ்சுவது ஈர்ப்பால் விழும் இயக்கம் மட்டுமே. கரித்தூள் கலந்த 'கமுரோ' வகை வாணத்தின் பொன்னிற இழைகள் கோளமாக விரிந்து, பிறகு எல்லாமே கீழ்நோக்கி வளைந்து தொங்குகின்றன. விரிவிலிருந்து வீழ்ச்சிக்கு மாறும் இயற்பியலை அந்த ஒளியிழைகள் வானில் வரைந்து காட்டுகின்றன.

விளிம்பு தெளிவாகத் தெரிவது ஏன்

ஹோஷிகள் கோளத்தின் பரப்பில் மட்டுமே இருக்கின்றன, உள்ளே வெற்றிடம். இந்தப் பொள்ளல் கோளத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுப்பகுதியில் பார்வைக்கோடு பரப்பை நேராகத் துளைக்கிறது. அங்கே புள்ளிகள் அகன்று விலகித் தெரிகின்றன. விளிம்புப் பக்கம் பார்வைக்கோடு பரப்பை உரசிக்கொண்டு செல்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல புள்ளிகள் ஒரே இடத்தில் நெருங்கித் தெரிகின்றன. அதனால்தான் கோளமாக இருந்தும் அது தெளிந்த விளிம்புள்ள வட்டமாகக் கண்ணில் படுகிறது.

நடுப்பகுதி வெறுமையாகத் தெரிவதை நிரப்ப 'ஷின்' என்ற உட்கருவைச் சேர்க்கிறார்கள். வெளி அடுக்குக்குள் இன்னோர் அடுக்காக, பொதுவாகச் சிறிய ஹோஷிகளை வேறு நிறத்தில் வைத்து, இடையிலும் நடுவிலும் பிளப்பு மருந்தை நிரப்புவார்கள். வானில் பெரிய கோளத்துக்குள் சிறிய கோளம் விரியும். நாகானோவைச் சேர்ந்த அவோகி கிசாகு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறு கோளத்துக்குள் கோளம் அமைந்து நிறமும் மாறும் வாணத்தைத் தேர்ந்து செய்து புகழ்பெற்றார். இன்றைய கைவினைஞர்கள் நான்கைந்து கருக்கள் வரை அடுக்குகின்றனர். எல்லாக் கோளங்களுக்கும் ஒரே மையம் அமைய வேண்டும் என்பதால் உள்ளே அடுக்குவதில் சிறு பிசகும் மேலே பெரிதாகத் தெரியும்.

இதய வடிவம், பூனை முகம் போன்ற 'கதாமோனோ' வாணங்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றின் ஹோஷிகள் குண்டுக்குள் ஒரே தளத்தில் அடுக்கப்பட்டவை. வானிலும் தட்டையாகவே விரிகின்றன. குண்டு உருண்டுகொண்டே ஏறுவதால் அந்தத் தளம் எத்திசை நோக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரு கரையில் முகமாகத் தெரிவது மறுகரையில் ஒடுங்கிய கோடாகத் தெரியலாம். எனவே அதே வடிவத்தில் பல குண்டுகளை ஏவுவது வழக்கம்; ஏதேனும் ஒன்றாவது எல்லாருக்கும் சரியாகத் தெரிந்துவிடும்.

இரண்டு வகை ஒளி

எடோ காலத்து வாணங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் இல்லை. கருமருந்தின் கரித்தூள் எரிந்து தரும் இளஞ்சிவந்த பொன்னிறம் மட்டுமே இருந்தது. இதை 'வாபி', ஜப்பானியத் தீ, என்பார்கள். சூடேறிய திடப்பொருள் தரும் ஒளி இது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற மஞ்சளாகி, பிறகு வெளுப்பதும் இதே வகை. இந்த ஒளியின் நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது வெப்பநிலை. பொருள் எது என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. எனவே இவ்வழியில் பச்சையோ செஞ்சிவப்போ பெற முடியாது.

மெய்ஜி காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பொட்டாசியம் குளோரேட்டும் பல உலோக உப்புகளும் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தன. அவற்றால் பிறந்த வண்ண வாணங்கள் 'யோபி', மேலைத் தீ, எனப்பட்டன. இங்கே ஒளி தருவது சுவாலையில் ஆவியாக மிதக்கும் அணுக்களும் மூலக்கூறுகளும். அவற்றிலுள்ள எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டுமே இருக்க முடியும். வெப்பம் அவற்றை மேற்படிக்கு ஏற்றுகிறது. இறங்கும்போது இரண்டு படிகளுக்கும் இடையேயுள்ள ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. படிகளின் இடைவெளி பொருளுக்குப் பொருள் வேறு. ஆகவே நிறமும் வேறு. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பும், பேரியம் பச்சையும், சோடியம் மஞ்சளும், தாமிரம் நீலமும் தருகின்றன. ஸ்ட்ரான்ஷியத்தையும் தாமிரத்தையும் கலந்தால் ஊதா.

ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளி உண்டு என்பதை நிலைநாட்டியவர்கள் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் புன்சனும் குஸ்தாவ் கிர்க்காஃபும். சுவாலையின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால் அப்பொருளுக்கே உரிய கோடுகள் தோன்றுவதை 1859-60இல் அவர்கள் காட்டினர். தொலைவிலுள்ள மான்ஹைம் நகரில் ஓரிரவு தீப்பிடித்தபோது, தம் ஆய்வகச் சன்னலிலிருந்தே அத்தீயின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் இருப்பதைக் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. சுமிதாக் கரையில் நிற்பவர் 200 மீட்டர் உயரத்துப் பச்சையைப் பார்த்து அது பேரியம் என்று சொல்ல முடிவதும் இந்த அறிவால்தான்.

வாணச் சுவாலையில் சிவப்பையும் பச்சையையும் மிகுதியாகத் தருபவை ஒற்றைக் குளோரின் அணுவோடு இணைந்த ஸ்ட்ரான்ஷியம், பேரியம் மூலக்கூறுகள். இவை சாதாரண வெப்பநிலையில் நிலைத்திரா. குப்பியில் அடைத்து வைக்க முடியாதவை. ஆகவே உலோக உப்போடு குளோரின் தரும் பொருளையும் ஹோஷியில் கலந்து, அம்மூலக்கூறுகள் சுவாலையிலேயே உருவாகுமாறு செய்கிறார்கள்.

நீலம் எல்லாவற்றிலும் கடினம். நீலம் தரும் தாமிரக் குளோரைடு மூலக்கூறு அதிக வெப்பத்தில் சிதைந்துவிடும். சுவாலையின் சூட்டைக் குறைத்தால் ஒளி மங்கும். கூட்டினால் நிறம் வெளுக்கும். இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள் எரிய வைக்க வேண்டும். சோடியம் மாசும் ஒரு தொல்லை. சோடியத்தின் மஞ்சள் ஒளி மிக வலிமையானதால், மூலப்பொருளில் சிறிதளவு கலந்திருந்தாலும் நீலத்தை விழுங்கிவிடும். டோக்கியோ வானில் ஆழ்ந்த தூய நீலம் ஒன்று விரியும்போது அதைச் செய்தவருக்குக் கிடைக்கும் மரியாதை இக்கடினத்தின் அளவுக்கு உரியது.

ஒன்றாக மாறி, ஒன்றாக அணைதல்

விரியும்போது சிவப்பாக இருந்த கோளம் ஒரே கணத்தில் பச்சையாக, பிறகு வெள்ளையாக மாறுவது எப்படி? விடை ஹோஷியின் பூச்சுகளில் இருக்கிறது. உருட்டும்போது உள்ளடுக்கில் ஒரு மருந்தும் வெளியடுக்கில் வேறொன்றும் பூசப்படுகின்றன. ஹோஷி வெளியிலிருந்து உள்நோக்கி எரிகிறது. வெளிப்பூச்சு தீர்ந்ததும் அடுத்த நிறம் வெளிப்படுகிறது. எரியும் முகப்பு விநாடிக்குச் சில மில்லிமீட்டர் அளவில் உள்ளே நகர்வதால், பூச்சின் தடிப்பில் சிறு வேறுபாடு இருந்தாலும் நிறமாற்றம் முன்பின்னாகும். எல்லா ஹோஷிகளும் ஒரே தடிப்பில் பூச்சு பெற்றிருந்தால்தான் கோளம் முழுவதும் ஒரே நேரத்தில் மாறும்.

இதே பூச்சுமுறை உருண்டை வாணங்களை இருவகையாகவும் பிரிக்கிறது. வெளிப்பூச்சில் கரித்தூள் மருந்து இருந்தால் ஹோஷி போகும் வழியெல்லாம் பொன்பொறிகளை உதிர்த்துச் செல்லும். இழைகளோடு தெரியும் இவ்வகை 'கிகு', செவ்வந்தி. வண்ண மருந்து மட்டும் இருந்தால் வாலில்லாத ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரியும். அது 'பொத்தான்', பியோனிப் பூ. புகைப்படத்தில் இரண்டுமே இழைகளாகத் தெரிவதுண்டு. கேமரா திறந்திருக்கும் நேரத்தில் புள்ளி நகரும் பாதை முழுவதும் பதிவாவதால் வரும் விளைவு அது. நேரில் பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெளிவு.

அனுபவமாக இருந்த இத்தொழிலை அளவிடத்தக்க அறிவாக மாற்றியவர்களில் முதன்மையானவர் தக்கேயோ ஷிமிசு. குண்டின் பறப்பு, ஹோஷியின் எரிவு, சுவாலையின் நிறம் ஆகியவற்றைச் சோதனைகளால் ஆராய்ந்த அவருடைய நூல் 1981இல் ஆங்கிலத்தில் வெளியாகி, உலகெங்கும் வாணத் தொழிலாளர்களுக்கு அடிப்படை நூலானது.

ஒலியும் புகையும்

வாணத்தின் ஒளி உடனே கண்ணை எட்டுகிறது. ஒலி கோடை இரவின் வெப்பத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் வருகிறது. விரிந்ததற்கும் வெடியோசைக்கும் இடையே மூன்று விநாடி கழிந்தால் வாணம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் இருக்கிறது என்று கொள்ளலாம். பெரிய குண்டின் ஓசையில் தாழ்ந்த அதிர்வுகள் மிகுதி. அவை காதில் கேட்பதோடு மார்பிலும் உணரப்படுகின்றன. சுமிதாக் கரையில் உயர்ந்த கட்டடங்கள் நிறைந்திருப்பதால் ஒவ்வொரு வெடிக்கும் பல எதிரொலிகள் சற்றுச் சற்றுத் தாமதமாக வந்து சேர்கின்றன. திறந்த வயல்வெளி விழாவில் ஒற்றை முழக்கமாகக் கேட்பது இங்கே தொடர் உறுமலாகக் கேட்கிறது.

புகை தவிர்க்க முடியாதது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் பொட்டாசியம் உப்புகளின் நுண்துகளாக எஞ்சுகிறது. டோக்கியோவின் ஈரமான கோடைக் காற்றில் அத்துகள்கள் நீரை ஈர்த்துப் பருத்து, புகையை மேலும் அடர்த்தியாக்குகின்றன. காற்றே வீசாவிட்டால் பத்து நிமிடத்தில் வானம் மூடிக்கொள்ளும். அடுத்து வரும் கோளங்கள் புகைக்குள் மங்கிய வெளிச்சமாகத் தெரியும். காற்று பலமாக வீசினால் கோளம் சாய்ந்து இழுபடும். எரிந்த துகளும் காகிதமும் மக்கள் நிற்கும் பக்கம் விழும் ஆபத்தும் உண்டு. புகையை மெல்ல ஒதுக்கிச் செல்லும் மிதமான காற்றே உகந்தது. காற்று வரும் பக்கமாக இடம் பிடித்தவர்களுக்குப் புகை விலகிப் போகும். எதிர்ப்பக்கத்தவர்களுக்கு முகத்தில் வரும். சாதாரண மழையில் வாணம் விடலாம். பலத்த காற்றும் இடியும் விழாவை நிறுத்திவிடும். 2013இல் இடிமழையால் சுமிதா விழா தொடங்கி அரை மணி நேரத்தில் கைவிடப்பட்டது.

நல்ல வாணத்தின் அளவுகோல்

சுமிதாவின் முதல் இடத்தில் வாணத் தொழிலகங்கள் தம்முள் போட்டியிடும் ஒரு பகுதியும் உண்டு. இத்தகைய போட்டிகளில் உருண்டை வாணத்தை மதிப்பிடத் தொழிலில் உள்ளவர்கள் சில சொற்களை வைத்திருக்கிறார்கள். குண்டு உச்சியில் நிலைகொண்டு வெடித்ததா என்பதைத் 'தமா நோ சுவாரி', குண்டு அமர்ந்த விதம், என்பார்கள். விரிந்த கோளம் பெரிதாகவும் பிசிறின்றியும் இருந்ததா என்பது 'போன்'. எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் அணைந்தனவா என்பது 'கியேகுச்சி', அணையும் விதம்.

இந்த மூன்றும் மூன்று வேலைகளின் சோதனை. முதலாவது, திரியின் எரிநேரத்தையும் உந்து மருந்தின் அளவையும் சோதிக்கிறது. இரண்டாவது, ஓட்டின் சீரான வலுவையும் பிளப்பு மருந்தின் பொருத்தத்தையும் ஹோஷிகளின் ஒரே அளவையும் சோதிக்கிறது. மூன்றாவது, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நடந்த பூச்சு வேலையைச் சோதிக்கிறது. ஒரு ஹோஷி மட்டும் பற்றாமல் போனாலும் கோளத்தில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். ஒன்று மட்டும் பிந்தி அணைந்தாலும் இருண்ட வானில் தனியே நிற்கும். முதல்முறையாக விழாவுக்கு வருபவரும் இம்மூன்றை மட்டும் கவனித்தால், ஐந்தாறு விநாடியில் முடிந்துபோகும் ஒவ்வொரு வாணத்தையும் செய்தவர்களின் கண்ணோடு பார்க்க முடியும்.